கிரைண்டர் புல்லி செய்து தந்த துப்பாக்கிக்காரர்

பிலிப்பைன்ஸின் செபுவில் இறங்கிய மறுநாள் காலை பிரெட் வாங்கப் போனேன். கடை வாசலில் ஒரு காவலாளி. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், தோள்பட்டையில் தொங்கும் ஷாட்கன். நம் ஊரில் ஏ.டி.எம்.முக்குப் பணம் நிரப்ப வரும் வண்டியில் மட்டும் பார்த்த சாமான். இவரோ அதைக் குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, "மாயோங் புந்தாக், சார்" என்றார். அவர்கள் மொழியில் காலை வணக்கம். நான் பதில் சொல்லாமல் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தேன். தரையைத்தான் பார்த்தது. ஆனாலும் சில்லறை எண்ணும்போது கை நடுங்கியது.

அது 2016 ஜனவரி. பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, டர்னராகி, பிறகு கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின் கற்றுக்கொண்டு, செபுவை ஒட்டிய மக்தான் தீவில் ஏற்றுமதி மண்டலத்துக் கம்பெனி ஒன்றின் டூல் ரூமுக்கு, அதாவது அச்சும் கருவியும் செய்யும் பிரிவுக்கு, வந்து சேர்ந்தவன் நான். எனக்கு முன்னால் வந்த மதுரைக்காரர் ஒருவர், "மணிலா வழியா வராதே, சிங்கப்பூர்ல மாறி நேரா செபுவுக்கு வா. அப்படியே மணிலா வழியா வந்தா பெட்டியை பிளாஸ்டிக்ல சுத்திக்கோ" என்று போனில் சொல்லியிருந்தார். பயணிகளின் பைக்குள் ஒற்றைத் தோட்டாவைப் போட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்று 2015இல் மணிலா விமான நிலையத்தைப் பற்றி ஊரே பேசிய நேரம். 'தனிம் பாலா' என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். தோட்டா நடுவது என்று பொருள். இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே தோட்டாவைத் தாயத்து மாதிரி பையில் வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு.

மருந்துக்கடை, அடகுக்கடை, பொரித்த கோழி விற்கும் ஜாலிபீ என எங்கு பார்த்தாலும் வாசலில் துப்பாக்கி. ஒரு மாதத்தில் அது கண்ணில் படாமலே போய்விட்டது. நான் பயந்த அந்த பிரெட் கடைக் காவலாளி, மழை வந்தால் என்னை ஆட்டோ வரைக்கும் குடையில் கொண்டுவிடுவார். இங்கே ஆட்டோ என்றால் ட்ரைசைக்கிள், பைக்கோடு ஒட்டிய பெட்டி.

அக்கம்பக்கத்தில் எனக்குப் பெயர் 'பும்பாய்'. இந்தியர் எல்லோருமே பும்பாய்தான். ஐந்து கொடுத்து ஆறாக வாங்கும் 'ஃபைவ்-சிக்ஸ்' வட்டித் தொழிலைப் பஞ்சாபிகள் பல வருஷமாக இங்கே செய்வதால், என்னிடமும் இரண்டு பேர் கடன் கேட்டார்கள். இல்லை என்றால் நம்பவில்லை. அந்தப் பஞ்சாபிப் பையன்கள் தினமும் பைக்கில் வசூலுக்குப் போவார்கள். கையில் பணம். பைக்கில் இருவராக வந்து சுட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அவர்கள் லேசான இரை. அப்படிச் செய்திகள் அவ்வப்போது வரும். என் மனைவி அதற்காகவே ஒரு வருஷம் என்னை பைக் வாங்கவிடவில்லை.

டூல் ரூமில் எனக்குப் பக்கத்து மெஷின் பையன் டனாவ் ஊர்க்காரன். செபு நகரத்திலிருந்து வடக்கே கடற்கரையோரமாகப் போனால் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவன் அரம் பிடிக்கும் அழகைப் பார்த்தே கேட்டேன், எங்கே படித்தாய் என்று. "வீட்ல, பாய்" என்றான். இங்கே பேசும் செபுவானோ மொழியில் நண்பனை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவை 'தாய்', அம்மாவை 'நாய்'. தாதாய், நானாய் என்பதன் சுருக்கம். முதல் முறை அவன் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டு நான் திகைத்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பான்.

டனாவ் என்றால் பிலிப்பைன்ஸ் முழுக்கத் தெரியும். 'பல்டிக்' செய்கிற ஊர். நம் ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்கிறோமே, அந்த இனம்தான். ஆனால் வேலைப்பாடு வேறு. நாட்டுத் துப்பாக்கி நாட்டுத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். டனாவ்க்காரர்கள் அமெரிக்க ரிவால்வரை அச்சு அசலாகச் செய்து, கம்பெனி முத்திரையும் 'மேட் இன் யூ.எஸ்.ஏ.'வும் குத்திவிடுவார்கள். தலைமுறைத் தொழில். ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் கெரில்லாக்களுக்கு வேலை செய்த கைகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். 1990களில் அரசாங்கமே கூட்டுறவு மாதிரி அமைத்து, லைசென்ஸோடு செய்யுங்கள் என்று ஒரு கூட்டத்தை உள்ளே இழுத்தது. எல்லோரும் உள்ளே வரவில்லை. மிட்சுமி என்ற ஜப்பான் கம்பெனி டனாவில் தொழிற்சாலை போட்டபிறகு பிள்ளைகளில் பலர் அங்கே போனார்கள், சிலர் என் நண்பனைப் போல மக்தானுக்கு. மற்றவர்கள் மலைப்பக்கத்தில் தொடர்கிறார்கள். திருட்டுத்தனமாகச் செய்து பிடிபட்டால் குறைந்தது 12 ஆண்டு. தெரிந்தேதான் செய்கிறார்கள்.

சட்டப்படி வாங்குகிறவன் கதை தனி. எங்கள் சூப்பர்வைசரிடம் ஒரு .45 கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை ஸ்பானிய எண்ணில் 'குவாரெந்தாய் சிங்கோ' என்று சொல்லும்போது முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை வரும். 2013இல் வந்த சட்டப்படி முதலில் ஆளுக்கு லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கிக்குப் பதிவு. வயது 21 ஆகியிருக்கணும், பிலிப்பைன்ஸ் குடிமகனாக இருக்கணும். எனக்கெல்லாம் பேச்சே இல்லை. போதைப் பரிசோதனை, பாதுகாப்பு வகுப்பு, மனநலப் பரிசோதனை. அதில் ஒரு மனிதனை வரையச் சொன்னார்களாம். இவர் தொப்பியோடு வரைந்து, தொப்பி எதற்கு என்று அரை மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். முதல் வகை லைசென்ஸில் இரண்டு துப்பாக்கி. ஐந்தாம் வகை பதினைந்துக்கு மேல் சேர்ப்பவர்களுக்கு. வீட்டுக்கு வெளியே இடுப்பில் வைக்க வேறு பெர்மிட். 2022இல் திருத்தம் வந்து லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கோ பத்து வருஷத்துக்கோ எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

அவர் துப்பாக்கி மரிகினாவில் செய்தது. மரிகினா, மணிலா பக்கத்தில் செருப்பு, ஷூவுக்குப் பேர்போன ஊர்; ஆர்ம்ஸ்கோர் என்ற துப்பாக்கி ஆலையும் அங்கேதான். 1905இல் ஸ்குயர்ஸ் பிங்காம் என்ற கடையிலிருந்து வளர்ந்த கம்பெனி. அமெரிக்கா இந்த நாட்டை ஆண்ட காலத்தில் தெற்கே மோரோ என்ற முஸ்லிம் வீரர்களை அமெரிக்கப் படையின் .38 நிறுத்தவில்லை, அதனால்தான் அவர்கள் பெரிய .45க்குப் போனார்கள் என்பதை இங்கே சின்னப் பையனும் சொல்வான். இன்று அந்த .45இன் 1911 மாடலை மரிகினாவில் செய்து, ராக் ஐலண்ட் ஆர்மரி என்று பெயர் குத்தி, அமெரிக்காவுக்கே ஏற்றுகிறார்கள். யாரை நிறுத்தப் பிறந்ததோ அந்த நாட்டுக்காரனே செய்து, நிறுத்த வந்தவனுக்கே விற்கிறான்.

கம்பெனி வேலையாக மணிலா போனபோது மெகாமாலில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சி பார்த்தேன். மேல் மாடியில் பிஸ்டல், கீழே துணிக்கடை. ஹாலோ-ஹாலோ ஐஸ் சாப்பிட்டுக்கொண்டே குடும்பமாக வருகிறார்கள். ஓர் ஓரத்தில் போலீஸே லைசென்ஸுக்கு டேபிள் போட்டிருந்தது. நம் ஊர் லோன் மேளா நினைவுக்கு வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கைத்துப்பாக்கி உறைகளை விலை பேசிக்கொண்டிருந்தார். வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பது போலத் தோலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

தேர்தல் வந்தால் மட்டும் எல்லாம் அடங்கும். 2025இல் ஜனவரி 12 முதல் ஜூன் 11 வரை துப்பாக்கியோடு வெளியே வரக் கூடாது என்று தடை இருந்தது. சாலையில் செக்பாயின்ட். கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, மெதுவாகப் போகணும். போலீஸ் டார்ச் அடித்துப் பார்ப்பார், வண்டியைக் கிளற மாட்டார். நம் ஊரில் தேர்தலுக்கு முன் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்றேன். சூப்பர்வைசர், "திரும்பக் கொடுப்பாங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். மனைவி கோயமுத்தூரிலிருந்து டேபிள்டாப் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றியது. உளுந்து சூடாகி, மாவு பொங்குவதற்குப் பதில் வெந்தது போலாகிவிட்டது. மோட்டார் பக்கத்துப் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், 30 மில்லிமீட்டர். அதை 25 ஆக்கினால் கணக்கு நேராகும். கம்பெனி மெஷினில் சொந்த வேலை செய்தால் சீட்டுக் கிழிந்துவிடும். நண்பன், "எங்க தாய்கிட்ட போலாம்" என்றான், அதாவது அப்பாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி டனாவ் போனோம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு வைஸ், ஒரு பெஞ்ச் டிரில்லிங் மெஷின், சுவரில் வரிசையாக அரங்கள். ஒவ்வொன்றுக்கும் கொய்யா மரத்தில் செதுக்கிய கைப்பிடி, கட்டைவிரல் பதிந்து பதிந்து பள்ளம் விழுந்தது. துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. எப்போதோ விட்டுவிட்டார் என்றான் நண்பன். லேத்தும் இல்லை. அலுமினியத் துண்டை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, அரத்தை ஒட்டிப் பிடித்து ராவினார். மூச்சை அடக்கிக்கொள்வார், விடுவார், மறுபடி அடக்குவார். பெல்ட் உட்காரும் பள்ளத்துக்கு மட்டும் மூன்று அரம் மாற்றினார். இடையில் வெர்னியரைத் தொடவே இல்லை. முடித்ததும் நான் அளந்தேன். 25.05. பீளமேட்டில் இந்தக் கைக்கு டை மேக்கர் சம்பளம் கொடுப்பார்கள் என்று சொன்னேன். நண்பன் மொழிபெயர்த்தான். அவர் அரத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் செய்ததெல்லாம் யார் கைக்குப் போயிற்று என்று கேட்க நினைத்திருந்தேன். பஞ்சாபிப் பையன்கள் ஞாபகம். கேட்டும்விட்டேன். நண்பன் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவனுடைய அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். "ஐந்து பிள்ளைகள் படித்தார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி கலக்கப் போய்விட்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நாங்கள் கொண்டுபோன இட்லியைப் பெரியவர் 'புத்தோ' என்றார். இங்கே ஆவியில் வேகும் அரிசிப் பலகாரத்துக்கு அதுதான் பெயர். சர்க்கரை போட மறந்துவிட்டீர்கள் என்று வருத்தப்பட்டார்.

காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து புல்லியை மாட்டும்போதுதான் உட்புறத்தைக் கவனித்தேன். எழுத்துக் குத்தும் சின்ன பஞ்ச் கொண்டு, கொஞ்சம் கோணலாகக் குத்தியிருந்தார்: மேட் இன் யூ.எஸ்.ஏ.