அயோவால ஒரு பழைய கே பேஸ், டொரண்டோல நான்

ஜனவரி 13, 2024, சனி

ரெண்டு வருஷமா தேடிட்டிருந்தது இன்னிக்கு காலைல கண்ல பட்டுச்சு. கே கம்பெனி டபுள் பேஸ் (ஆளுயரத்துக்கு நிக்கற பெரிய வயலின் மாதிரி வாத்தியம்), சி-1 மாடல், 2,800 அமெரிக்க டாலர். விக்கறவங்க இருக்கறது அயோவால ஒரு சின்ன ஊர், நான் டொரண்டோல, நடுவுல 1,300 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் இந்த பனில. நேர்ல போய் பாக்கறதுக்கு வழியே இல்ல. அப்பா வாசிச்சது, அவர் போயிட்டாரு, வீட்ல வேற யாருக்கும் வாசிக்க தெரியாதுன்னு அந்தம்மா எழுதியிருக்காங்க.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், கே சிகாகோ கம்பெனி, 1937ல ஆரம்பிச்சு 60கள் கடைசி வரைக்கும் பிளைவுட்ல பேஸ் செஞ்சாங்க, அமெரிக்கால ஸ்கூல் பேண்ட்ல இருந்து ப்ளூகிராஸ்ங்கற நாட்டுப்புற இசை வரைக்கும் எங்க பாத்தாலும் அதுதான். பிளைவுட்னதும் மட்டமா பேசறவங்க நிறைய பேர், எனக்கு அந்த பேச்சு சுத்தமா பிடிக்காது. இங்க குளிர்காலத்துல ஹீட்டர் போட்டு போட்டு வீட்டு காத்தே வறண்டு போயிடும், முழு மரத்துல செதுக்கின பேஸ் அதுல வெடிப்பு விடும், பிளைவுட் தாங்கும். அடிச்சு வாசிக்கும்போது வர்ற அந்த தொப்புன்ற சத்தம் எனக்கு வேற எதுலயும் கிடைச்சதில்ல.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் பொங்கறதுக்கு காத்திருக்கற நேரத்துலயும் கைல அந்த போட்டோதான். மொத்தம் ஆறு, ஆறும் முன்பக்கத்துல இருந்து எடுத்தது, ஜன்னல் வெளிச்சத்துல அழகா இருக்கு. ஆனா பேஸ் எங்க உடையுமோ அந்த இடம் ஒண்ணுகூட அதுல இல்ல.

அந்தம்மாக்கு பேஸ் பத்தி எதுவும் தெரியாது, அதனால பேர் சொல்லி கேட்டு பிரயோஜனமில்ல. அவங்க போட்டோ மேலயே அம்புக்குறி போட்டு அனுப்பினேன். கழுத்து உடம்போட சேர்ற அந்த குதிகால், ரெண்டு பக்கமும் பின்னாடியும், கிட்டக்க. கம்பிகளுக்கு அடில நீளமா இருக்கற விரல்பலகையோட ஓரத்துல ஸ்கேல் வச்சு ஒண்ணு. கம்பிகள தாங்கி நிக்கற பிரிட்ஜ், பக்கவாட்டுல இருந்து. அப்புறம் மேல்பலகைல எஃப் வடிவத்துல இருக்கற ரெண்டு ஓட்டைல ஒண்ணுல டார்ச் அடிச்சுட்டு இன்னொண்ணு வழியா உள்ள எடுக்கணும், சவுண்ட்போஸ்ட், அதாவது மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவுல நிக்கற குச்சி, நிக்குதா விழுந்து கெடக்குதான்னு தெரியணும். அது விழுந்திருந்தா தயவுசெஞ்சு கம்பிய முறுக்காதீங்கன்னு தனியா எழுதினேன், ஏன்னா ஸ்டீல் கம்பி நாலும் சேர்ந்து 250 பவுண்டுக்கு மேல இழுக்கும், உள்ள அந்த குச்சி இல்லன்னா மேல்பலகை அமுங்கிடும்.

ஜனவரி 20, சனி

இருபத்தி மூணு போட்டோ, மூணு வீடியோ. அவ்ளோ பொறுமையா எடுத்திருக்காங்க, நன்றி சொல்ல வார்த்தை தேடினேன்.

சவுண்ட்போஸ்ட் நிக்குது. நட்டுல (கழுத்து மேல்முனைல கம்பிகள் உக்கார்ற சின்ன கட்டை) இருந்து பிரிட்ஜ் வரைக்கும் டேப் வச்சு அளந்தது நாப்பத்தொன்றரை இன்ச், கே-க்கு இருக்க வேண்டிய அளவுதான். உள்ள பின்பலகைல நம்பர் தெரியுது.

வீடியோல பேரன் போல ஒரு பையன் நாலு கம்பியையும் ஒவ்வொண்ணா விரலால தட்டறான். இத வச்சு டோன் எப்படின்னு முடிவு பண்ணவே கூடாது. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கர்ல அந்த சத்தம் வரவே வராது, நம்ம காதுல விழறது அதோட சேர்ந்து வர்ற, அதுக்கு மேல இருக்கற உச்ச சுரங்கள், ஓவர்டோன்தான். நான் வீடியோ கேட்டதே ரெண்டாவதுக்காகத்தான், அதுல அந்தம்மா விரல் முட்டியால ஓரம் முழுக்க தட்டிட்டே ஒரு சுத்து வர்றாங்க. ஹெட்போன் போட்டு கண்ண மூடிட்டு கேட்டேன். நல்லா ஒட்டின இடத்துல டொக்குன்னு கேக்கும், பிரிஞ்ச இடத்துல சத்தம் மாறி லேசா கிர்ருன்னு அதிரும். கீழ்பக்கம் இடதுல ஒரு சாண் அளவுக்கு பிரிஞ்சிருக்கு. அது பெரிய விஷயமே இல்ல, மிருக தோல்ல காய்ச்சின பசைல ஒட்டினது, திரும்ப ஒட்டிடலாம்.

பயம் வந்தது பதினேழாவது போட்டோல. குதிகால்ல குறுக்க ஒரு கோடு, அதுக்கு கீழ வார்னிஷ் கலர் லேசா மாறுது, நடுவுல நாணயம் மாதிரி வட்டமா ஒரு மர அடைப்பு. எப்பவோ கழுத்து உடைஞ்சு போல்ட் போட்டு இறுக்கியிருக்காங்க.

ஜனவரி 27, சனி

இங்க என் பேஸ ரிப்பேர் பண்ணி தர்றவர்கிட்ட லேப்டாப்போட போனேன். அரை மணி நேரம் அந்த ஒரே போட்டோவ பெருசாக்கி பாத்தாரு. பழைய கேல குதிகால் உடையறது சகஜம்தான், ஆனா உடைஞ்சத ஒட்டினாங்களாங்கறத விட இப்ப அசையுதாங்கறதுதான் கேள்வின்னாரு. அது போட்டோல தெரியாது, கை வச்சு பாக்கணும். போல்ட் தளர்ந்திருந்தா கழுத்து முன்னால சாயும், கம்பி உயரும், உயருதுன்னு பிரிட்ஜ இறக்கிட்டே போவாங்க. பிரிட்ஜ் போட்டோ பாத்தோம். உயரத்த ஏத்தி இறக்கற அட்ஜஸ்டர் திருகு முழுசா இறங்கி இருக்கு.

வீடு வந்து தூக்கமில்ல. எனக்கு அந்த பேஸ் வேணும், அதனாலயே என் கண்ண நான் நம்பக்கூடாது.

பிப்ரவரி 3, சனி

அந்த ஊருக்கு ஒரு மணி நேர தூரத்துல இருக்கற பேஸ் பிளேயர் ஒருத்தர் 100 டாலருக்கு போய் பாத்து சொல்றேன்னாரு. இத முதல் நாளே செஞ்சிருக்கணும். இன்னிக்கு அங்க இருந்தே வீடியோ கால். ஒரு சீட்டு காகிதத்த குதிகாலுக்கும் பின்பலகையோட மேல்நுனில நீட்டிட்டிருக்கற நாக்குக்கும் நடுவுல சொருக பாத்தாரு, போகல. ஒரு கையால உடம்ப அமுக்கிட்டு இன்னொரு கையால கழுத்து உச்சில சுருண்டிருக்கற ஸ்க்ரோல முன்னும் பின்னும் மெல்ல அசைச்சாரு, துளி சத்தம் இல்ல. கோட்டுல விரல் நகத்த ஓட்டினாரு, சிக்கல. அந்த ரிப்பேர பண்ணது வேலை தெரிஞ்ச கை அப்படின்னாரு, எனக்கு உடம்பே லேசாச்சு.

அப்போ பிரிட்ஜ ஏன் இறக்கினாங்க? விரல்பலகைதான் காரணம். திரும்ப திரும்ப சீவி சீவி ஓரம் மெலிஞ்சு போச்சு, அதோட உசரத்துக்கு தக்க பிரிட்ஜையும் இறக்கியிருக்காங்க. நடு வரைக்கும் கம்பிக்கு அடில குழி குழியா இருக்கு. கூடவே ஒண்ணு சொன்னாரு, பலகை எபனி (கருங்காலி) இல்ல, பிரேசிலியன் ரோஸ்வுட் மாதிரி இருக்குன்னு.

பிப்ரவரி 5, திங்கள்

பிரேசிலியன் ரோஸ்வுட் 1992ல இருந்து, அழியற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கறத கட்டுப்படுத்தற சைட்டீஸ் ஒப்பந்தத்துல முதல் பட்டியல்ல இருக்கு, காண்டாமிருக கொம்பும் அதே பட்டியல்தான். 92க்கு முன்னாடி செஞ்சதுன்னு பேப்பர் வாங்காம பார்டர் தாண்டக்கூடாது. அந்த மரம் இப்படி அழிஞ்சதுல வருத்தம் இருக்கறவன் நான், அதனால சும்மா மேப்பிள்னு எழுதி அனுப்பிடலாம்னு ஒரு நண்பர் சொன்னத காதுல வாங்கல. பேப்பருக்கு மாசக்கணக்கா ஆகலாம்.

பிப்ரவரி 10, சனி

வழிய சொன்னது ரிப்பேர்காரர்தான். பலகை எப்படியும் மாத்தணுமே, அத பார்டருக்கு அந்த பக்கமே மாத்திடுங்கன்னாரு! அயோவாலயே ஒரு கடைல ஆப்பிரிக்க எபனில புதுசு போட்டு, பிரிஞ்ச ஓரத்த ஒட்டி, எல்லாம் சேத்து 1,100 டாலர். நட்டும், கம்பிகளோட கீழ்முனைய பிடிச்சிருக்கற டெயில்பீஸும் என்ன மரம்னு சேத்து பாக்க சொல்லியிருக்கேன். அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் ஒளிக்காம சொன்னேன், பதினேழாவது போட்டோ உட்பட. 2,800ல இருந்து 2,000க்கு அவங்களே இறங்கினாங்க, நான் 2,200 குடுத்தேன்.

மார்ச் 9, சனி

வேலை முடிஞ்சுது. குளிர் கொஞ்சம் குறையட்டும்னு ஏப்ரலுக்கு லாரி சொல்லியாச்சு, பிரிட்ஜ கழட்டி துணில சுத்தி, ட்ரங்க் கேஸ்ங்கற கெட்டியான பெரிய பெட்டில வச்சு வரும்.

கடைக்காரர் பழைய பலகைய என்ன பண்றதுன்னு கேட்டாரு. அந்தம்மாக்கு போன் போட்டேன். நேத்தே கார் எடுத்துட்டு போய் வாங்கிட்டு வந்துட்டாங்களாம். சமையலறை ஜன்னல் மேட்டுல வச்சு ஒரு போட்டோ அனுப்பியிருக்காங்க. ஜி கம்பிக்கு அடில அவங்கப்பா விரல் போட்ட குழி எல்லாம் அப்படியே தெரியுது.