150 ரூபாய்ப் பரிசோதனைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

மருத்துவத் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்கள் முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடில் "ஒருவருக்கு வெறும் 150 ரூபாய்" என்ற வரி இல்லாமல் இருக்காது. அரசுச் சுகாதாரத் துறையிடம் அந்த வரி எடுபடாது. இப்போது செய்வதைவிடக் கூடுதலாக எவ்வளவு செலவாகும், கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை ஃபண்டஸ் கேமராவும் (விழித்திரையைப் படம் எடுப்பது) ஏஐயும் வைத்துக் கண்டறியும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் ரூபாய்களும் சதவீதங்களும் பெரும்பாலும் கணக்குப் போடும் முறையைக் காட்ட வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த 150 எங்கிருந்து வருகிறது? கேமரா 6 லட்சம், 5 ஆண்டு உழைக்கும் என்று வையுங்கள். 3% வட்டியில் பரப்பினால் ஆண்டுக்கு 1.31 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தம் 60,000. படம் எடுப்பவர் சம்பளம் 2.4 லட்சம். மொத்தம் 4.31 லட்சம். ஆண்டுக்கு 5,000 பேரைப் பார்த்தால் தலைக்கு 86 ரூபாய். ஏஐ கட்டணம் 40, சொட்டு மருந்து, இணையம், அச்சு என்று 24. ஆக 150. இதே கேமராவை ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தி வைத்து ஆண்டுக்கு 1,000 பேரைத்தான் பார்க்க முடிந்தால் தலைக்கு 495. ஸ்லைடில் எழுத மறந்தது இந்த 5,000-ஐத்தான்.

இனி 1,000 பேரைப் பின்தொடர்வோம். ஸ்மார்ட் இந்தியா ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் பார்வையைப் பறிக்கும் அளவு விழித்திரைப் பாதிப்பு 4% பேருக்கு இருந்தது. அதன்படி 40 பேர். பத்தில் இரண்டு படம் படிக்கத் தகுதியில்லாமல் போகிறது என்று வைப்போம். இது மிகையல்ல. தாய்லாந்தில் கூகுளின் ஏஐயைக் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்து 2020-இல் வெளியான ஆய்வில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை மென்பொருள் ஏற்கவில்லை. அறை போதிய அளவு இருட்டாக இல்லாததும் அதற்கு ஒரு காரணம். ஆய்வகத்தில் கிடைத்த 90 சதவீதத் துல்லியத்தை நம்பி விலை போடுபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

படிக்க முடியாத 200 பேரையும் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். மீதி 800 பேரில் 32 பேருக்கு நோய். 87% பிடித்தால் 28. நோயில்லாத 768 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகச் சந்தேகித்தால் 77. மொத்தம் 305 பேருக்குப் பரிந்துரைச் சீட்டு. அவர்களில் உண்மையான நோயாளிகள் 36: ஏஐ பிடித்த 28, படிக்க முடியாதவர்களில் 8.

சீட்டு வாங்கியவர்களில் பாதிப்பேர் போகிறார்கள் என்போம். 152 பயணம், பஸ் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் மருத்துவர் நேரமும் சேர்த்துத் தலைக்கு 600: 91,200. 18 பேருக்கு லேசர், தலா 5,000: 90,000. பரிசோதனை 1.5 லட்சம். கூட்டினால் 3,31,200. பலனை 'க்வாலி' என்ற அலகில் அளக்கிறார்கள். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டுதான் ஒரு க்வாலி. சிகிச்சை பெறும் ஒருவருக்கு 0.5 க்வாலி என்றால் 9.

இங்கே பலர் 3,31,200-ஐ 9-ஆல் வகுத்து 36,800 என்று எழுதிவிடுவார்கள். தவறு. கேமரா இல்லாத இன்றும் கண் முகாம்கள் நடக்கின்றன. அவற்றில் 60,000 ரூபாயில் 6 பேர் சிகிச்சைக்கு வந்துவிடுகிறார்கள் என்றால் கூடுதல் செலவு 2,71,200, அந்த 6 பேரின் 3 க்வாலி போகக் கூடுதல் பலன் 6 க்வாலி. ஒரு க்வாலிக்கு 45,200. கூடுதல் செலவைக் கூடுதல் பலனால் வகுத்த இந்த எண்தான் ஐசர்.

இப்போது எண்களை ஆட்டிப் பாருங்கள். சீட்டு வாங்கியவர்களில் 25% பேர்தான் போனார்கள் என்றால் ஐசர் 1.2 லட்சத்துக்கு எகிறுகிறது. 305 பேரையும் ஆளுக்கு 30 ரூபாய் செலவில் போனில் விடாமல் துரத்தி 80% ஆக்கினால் சுமார் 34,000. பரிசோதனை விலை 495 ஆனால் 1.03 லட்சம். ஏஐயின் துல்லியத்தை இரண்டு புள்ளி உயர்த்துவதைவிட ஒரு ஃபோன் ஆபரேட்டரை வேலைக்கு வைப்பது லாபம் என்பதைப் பொறியாளர்கள் நிறைந்த நிறுவனம் லேசில் ஒப்புக்கொள்ளாது.

இந்தியாவில் மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் அரசு அமைப்பான ஹெச்டிஏஐஎன் 2017-இல் இருந்து இத்தகைய மதிப்பீடுகளை நடத்துகிறது. தனிநபர் உள்நாட்டு உற்பத்தி, அதாவது 2 லட்சத்துக்குச் சற்று மேலான தொகை, ஒரு க்வாலிக்கு இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று பரவலாக ஒப்பிடும் கோடு. மேலே பார்த்த எல்லாம் அதற்குள் அடங்குகின்றன. ஆனால் அந்த 0.5 நான் வைத்த எண். அதை 0.2 ஆக்கி, 25% வருகையோடு சேர்த்தால் 3 லட்சம், கோட்டைத் தாண்டிவிட்டது. பலவீனமான எண்களைத் தனித்தனியே ஆட்டினால் போதாது, சேர்த்தும் ஆட்ட வேண்டும்.

கோட்டுக்குள் வந்துவிட்டாலும் பணம் வந்துவிடாது. ஒரு மாவட்டத்தில் ஒரு லட்சம் சர்க்கரை நோயாளிகள் என்றால் 150 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1.5 கோடி. யார் தலையில்? பிரதமரின் ஆயுஷ்மான் திட்டம் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. புறநோயாளிப் பரிசோதனை அதில் வராது. பார்வை காப்பாற்றப்பட்டதால் மிச்சமாவது நோயாளிக் குடும்பத்தின் பணம், செலவாவது பொதுச் சுகாதாரத் துறையின் பணம். மிச்சம் பிடிப்பவரும் பணம் கட்டுபவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் ஐசர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கோப்பு நகராது. போதாக்குறைக்கு, கொள்முதல் டெண்டரில் கடைசியில் பார்ப்பது குறைந்த விலையைத்தான். படிக்க முடியாத படங்களின் சதவீதத்தைத் தொழில்நுட்ப நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே கேட்காவிட்டால் மட்டமான கேமரா ஜெயிக்கும்.

ஒழுங்குமுறை அனுமதியும் இதைத் தீர்க்காது. அமெரிக்காவின் பியர் தெரபியூட்டிக்ஸ் போதைப் பழக்கச் சிகிச்சைக்கான தன் ரீசெட் செயலிக்கு 2017-இல் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி வாங்கியது. காப்பீட்டாளர்கள் போதுமான அளவு பணம் தராத நிலையில் 2023 ஏப்ரலில் திவால் மனு போட்டது.

முன்னோட்டத் திட்டம் தொடங்கும் முன்பே மூன்றைப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்யுங்கள்: நிலையம் வாரியாகப் படிக்க முடியாத படங்கள், சீட்டு வாங்கியவர்களில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தவர்கள், அவர்களில் சிகிச்சை முடித்தவர்கள். இரண்டாவது எண் உங்கள் செயலியில் கிடைக்காது, மருத்துவமனைப் பதிவேட்டில்தான் இருக்கும். அதைப் பார்க்கும் அனுமதியை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் அன்றே எழுதி வாங்கிவிட வேண்டும்.