வாடகை வீட்டின் கேட்டில் புதுப் பூட்டு போட்டாலும் குடியிருப்பது நீங்கள்தான்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னப் பட்டணம். தோட்டத்து லய வீட்டை விட்டு வந்தபின் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாடகை வீடு எடுத்தோம். ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீட்டுக்காரர் மாதா மாதம் வாடகை வாங்கிக்கொண்டுதான் இருந்தார். வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்கவைக்க ஒரு குத்தகைக்காரர் கூடுதல் வாடகை தருவதாகச் சொன்னதும் பேச்சு மாறியது. "ஒப்பந்தம் முடிஞ்சிருச்சும்மா, காலி பண்ணுங்க." வேறு வீடு தேடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கேட்டில் புதுப் பூட்டு. அம்மாவின் இனிப்பு நீர் (நீரிழிவு) மருந்தெல்லாம் உள்ளே.

போலீஸில் முகப்பில் இருந்தவர் புகாரையே எழுத மறுத்தார். "இது சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போங்க." நான் நகரவில்லை. கேஸ் எதுவாக இருந்தாலும் பூட்டிய தேதியும் நேரமும் பதிவாகட்டும் என்று நின்றேன். கடைசியில் எழுதி நகலும் கொடுத்தார்கள். லாயர் முதலில் கேட்டதே அந்த நகலைத்தான். அதனால் புகார் நகல் இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

லாயர் காட்டியது 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 7(2). ஒப்பந்தம் முடிந்தே போனாலும், ஆள் குடியிருக்கும் வீட்டைக் கோர்ட் மூலம்தான் திரும்பப் பெற முடியும். பூட்டு போடுவது வழியே இல்லை.

அலைச்சல் ஸ்டாம்பிங்கில்தான், அதாவது ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுவதில். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். அதற்கென்று எங்களிடம் பணம் வாங்கிய வீட்டுக்காரர் அதைச் செய்யவே இல்லை. சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி, முத்திரை வரி கவுண்டரில் காத்திருந்தால், ஆன்லைனில் செய்யுங்கள் என்று கிளார்க் தாளைத் திருப்பித் தந்தார். அதை வெளியே ஓர் அறிவிப்பாக ஒட்டியிருக்கக் கூடாதா? கடைசியில் தாமத அபராதத்தோடு கட்டினோம். வீட்டில் குடியேறும்போதே முத்திரைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

லாயர் கடிதம் போனதும் பூட்டு திறந்தது. உள்ளே நுழையும்போதே ஒவ்வோர் அறையையும் போனில் வீடியோ எடுத்தோம். ஆனால் முறையான நோட்டீசுக்குப் பிறகும் நாம் காலி செய்யாமல் இழுத்தடித்தால், 1956 சிவில் சட்டப்படி வீட்டுக்காரர் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். அதனால் காலி செய்யும் தேதியை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

சாவியைக் கொடுத்தபின், சுவரில் கறை என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார். 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கையாகக் கேட்கலாம். அதற்கான படிவம் பாரம் 198, லாயர் தேவையில்லை. விசாரணைக்கு அந்த வீடியோவையும் வாடகை ரசீதுகளையும் கொண்டுபோனேன். வீடியோவைப் பார்த்ததும் வெளி வராந்தாவிலேயே சமாதானத்துக்கு வந்தார். முழு டெபாசிட்டும் கையில் வந்த பிறகுதான் வழக்கை முடிக்க ஒப்புக்கொண்டேன்.