எடின்பரோ: கல்லறைக்கு கூண்டு போட்ட ஊரு

நம்ம ஊர்ல பழைய டாக்டருங்க போர்டை கவனிச்சிருந்தீங்கன்னா பேருக்குப் பின்னாடி எஃப்.ஆர்.சி.எஸ்.னு சர்ஜன் பட்டம், அதுக்கும் பின்னாடி அடைப்புக்குள்ள 'எடின்'னு போட்டிருக்கும். அந்த எடின் தான் எடின்பரோ. ஸ்காட்லாந்து போறவங்க கோட்டை, விஸ்கி, பேக்பைப்னு சுத்துவாங்க, எனக்கு என்னமோ இந்த வைத்திய சமாச்சாரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு நடந்தே பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. பழைய ஊரு சின்னது தான், ஆனா மேடும் பள்ளமும் படிக்கட்டுமா முட்டியை ஒரு வழி பண்ணிடும்.

கதை 1505ல ஆரம்பிக்குது. அப்போ முடி வெட்டுறவங்களும் சர்ஜனும் ஒரே சங்கம். ஊர் கவுன்சில் அவங்களுக்கு ஒரு பட்டயம் கொடுத்துச்சு, அதுல சங்கத்துல சேரணும்னா எழுதப் படிக்கத் தெரியணும்னு ஒரு கண்டிஷன், அறுத்துப் படிக்கிறதுக்கு வருஷத்துக்கு ஒரு தூக்குத்தண்டனை கைதியோட உடம்பு, கூடவே ஊருக்குள்ள சாராயம் காய்ச்சி விக்கிற உரிமையும் அவங்களுக்கு மட்டும் தான்! (மயக்க மருந்து இல்லாத காலம், அதுவும் ஆபரேஷன் சாமான்ல சேர்த்தி தானே.) பிரச்சனை என்னன்னா வருஷத்துக்கு ஒண்ணு. போகப் போக எங்கெங்க இருந்தோ பசங்க டாக்டருக்கு படிக்க இந்த ஊருக்கு வர ஆரம்பிச்சாங்க, சட்டத்தை கொஞ்சம் தளர்த்தியும் பொணம் பத்தல. பத்தலன்னா என்ன ஆகும், திருட ஆரம்பிச்சாங்க.

அதைக் கண்ணால பாக்கணும்னா கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. வாசல்கிட்ட பாபிங்கிற நாய் சிலையோட மூக்கைத் தடவி போட்டோ எடுக்க ஒரே கூட்டம், அதைத் தாண்டி உள்ள போனா சில கல்லறை மேல கனமான இரும்புக் கூண்டு போட்டு மூடியிருக்கு. பேய் வெளிய வராம இருக்கன்னு கதை விடுவாங்க, நம்பாதீங்க, அது வெளிய இருந்து ஆள் உள்ள போகாம இருக்கத்தான். உடம்பு அழுகிட்டா காலேஜ்ல யாரும் வாங்க மாட்டாங்க, அதனால சில வாரம் தாக்குப்பிடிச்சா போதும், அப்புறம் கூண்டைக் கழட்டி அடுத்த வீட்டுக்காரங்களுக்குக் கொடுக்கலாம். காசு இருக்கறவங்களுக்கு கூண்டு, இல்லாதவங்க சொந்தக்காரங்க ராத்திரி முழுக்க குளிர்ல காவல் உக்காரணும், அதுக்கும் ஆள் இல்லாதவன் பாடு திண்டாட்டம் தான்.

அங்கிருந்து இறக்கத்துல கிராஸ்மார்க்கெட், அதைத் தாண்டினா வெஸ்ட் போர்ட் தெரு. பழைய புத்தகக் கடைங்க இருக்கு. பொணத்தை விக்கறதுக்காகவே ஆளைக் கொன்ன பர்க்கும் ஹேரும் குடியிருந்த சந்து இங்க தான் இருந்துச்சு, அதை எப்பவோ இடிச்சிட்டாங்க, பாக்க ஒண்ணும் இல்ல, ஆனாலும் அந்தத் தெருவுல நிக்கும்போது ஒரு மாதிரி தான் இருந்துச்சு. ஹேர் நடத்துன லாட்ஜ்ல ஒரு கிழவர் 4 பவுண்டு வாடகை பாக்கியோட நோய் வந்து செத்துப் போறார். பாக்கியை எப்படி வசூல் பண்றதுன்னு யோசிச்சு சவப்பெட்டியில மரப்பட்டையை ரொப்பி அனுப்பிட்டு, உடம்பை, அறுத்துக் காட்டி பாடம் நடத்துன டாக்டர் ராபர்ட் நாக்ஸ்கிட்ட கொண்டு போனா 7 பவுண்டு 10 ஷில்லிங்! அவ்ளோ தான், இனிமே யாரும் தானா சாகற வரைக்கும் எதுக்கு காத்திருக்கணும்னு 1828ல மட்டும் 16 பேரை குடிக்க வச்சு மூச்சை அடைச்சு கொன்னுட்டாங்க. குளிர்காலத்துல 10 பவுண்டு, வெயில் காலத்துல 8, ஏன்னா சீக்கிரம் கெட்டுடும். மீன் மார்க்கெட் ரேட் மாதிரி. செத்தவங்கள்ள ஜேமின்னு ஒரு பையன், கொஞ்சம் மனவளர்ச்சி கம்மி, தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச முகம், மேசை மேல பாத்ததும் ஸ்டூடண்ட்ஸ் அடையாளம் கண்டுட்டாங்க, நாக்ஸ் மட்டும் அவன் இல்லன்னு சாதிச்சாரு. என்னைக் கேட்டா கொன்னவங்களை விட இந்த இடம் தான் எனக்கு உறுத்துது.

கடைசியில ஹேர் அப்ரூவரா மாறி தப்பிச்சுட்டான். பர்க்கை 1829 ஜனவரி 28ல தூக்குல போட்டு, தீர்ப்புப்படி அவனையும் அறுத்துட்டாங்க. எலும்புக்கூடு யூனிவர்சிட்டி அனாடமி மியூசியத்துல இன்னும் நிக்குது (டீவியட் பிளேஸ்ல இருக்கு, தினமும் திறக்கறதில்ல, தேதி பாத்துட்டு போங்க). நாக்ஸ் மேல கேஸே இல்ல. 1832ல சட்டம் வந்துச்சு, ஏழைங்க விடுதியில சாகற, கேக்க ஆள் இல்லாத ஏழைங்க உடம்பை காலேஜ் எடுத்துக்கலாம்னு. திருட்டு நின்னுச்சு சரி, ஆனா மேசை மேல படுத்தது அப்பவும் அதே ஆளுங்க தான். நம்ம ஊர் மெடிக்கல் காலேஜுக்கும் 'கேட்பாரற்ற உடல்' தானே ரொம்ப காலமா போயிட்டிருக்கு.

நிக்கல்சன் தெருவுல சர்ஜன்ஸ் ஹால், பெரிய பெரிய தூணோட கோயில் மண்டபம் கணக்கா இருக்கும். உள்ள மியூசியத்துக்கு டிக்கெட் உண்டு, மனுஷ உறுப்புகளை போட்டோ எடுக்க விட மாட்டாங்க. ஜாடி ஜாடியா கட்டி, வளைஞ்ச எலும்பு, எல்லாத்துக்கும் நடுவுல பர்க்கோட தோல்ல செஞ்ச ஒரு சின்ன பாக்கெட் புக். தூரத்துல இருந்து பாத்தா சாதாரண லெதர் தான்.

இதே வாசல்ல தான் 1870 நவம்பர் 18ல இன்னொரு கூத்து. சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கோட சேத்து பொண்ணுங்க 7 பேர் டாக்டருக்குப் படிச்சுட்டிருந்தாங்க, அனாடமி பரீட்சைக்கு வந்தா ஆம்பள ஸ்டூடண்ட்ஸ் கூட்டமா நின்னு சேத்தை வாரி அடிச்சு கேட்டை முகத்துக்கு நேரா சாத்தியிருக்காங்க. அப்படியும் உள்ள போய் எழுதினா, நடுவுல ஹாலுக்குள்ள ஒரு ஆட்டை வேற தள்ளி விட்டாங்க. இருந்துட்டு போகட்டும், அனுப்பினவங்களை விட அதுக்கு புத்தி ஜாஸ்தின்னு வாத்தியார் சொன்னாராம். டிகிரி மட்டும் யூனிவர்சிட்டி கடைசி வரைக்கும் கொடுக்கல, 1873ல கோர்ட்டும் கைவிரிச்சிடுச்சு. 2019ல தான் கொடுத்தாங்க, வாங்கிக்க யாரும் உயிரோட இல்ல. அந்த 7 பேர்ல எடித் பீச்சி கெமிஸ்ட்ரில முதல் மார்க் வாங்கியும் ஸ்காலர்ஷிப்பை பின்னாடி வந்த பையனுக்கு கொடுத்தவங்க இவங்க! எடித் வேற இடத்துல பட்டம் வாங்கி, 1883ல பம்பாய் வந்து, பின்னாடி காமா ஆஸ்பத்திரி பொறுப்பை எடுத்துக்கிட்டாங்க.

சாயங்காலம் பாலத்தைத் தாண்டி புது ஊருக்கு, குயின் தெரு 52. பிரசவ டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் வீடு. 1847 நவம்பர் 4 ராத்திரி அவரும் ரெண்டு அசிஸ்டண்ட் டாக்டரும் சாப்பாட்டு மேசைல உக்காந்து டம்ளர்ல குளோரோஃபார்மை ஊத்தி முகர்ந்து பாத்திருக்காங்க, கண்ணு முழிச்சப்போ மூணு பேரும் தரையில. சில நாள்லயே ஒரு பிரசவத்துக்கு கொடுத்துட்டாரு. காலையில இருந்து அடுத்தவன் உடம்புல பாடம் படிச்ச கதையா கேட்டுட்டு வந்தேன், இங்க தான் ஒரு டாக்டர் முதல்ல தன் மூக்கையே நீட்டியிருக்காரு. பொண்ணுங்க வலியோட பெத்துக்கணும்னு பைபிள்லயே இருக்கேன்னு சிலர் கேட்டதுக்கு, ஆதாமுக்கு விலா எலும்பை எடுக்கறதுக்கு முன்னாடி கடவுளே தூங்க வச்சாரேன்னு அதே பைபிளை எடுத்து திருப்பி அடிச்சாரு பாருங்க, அதுக்கே அந்த வாசல்ல அஞ்சு நிமிஷம் நிக்கலாம்.

போறவங்க மியூசியத்தை மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, குடையை நம்பாதீங்க, அந்தக் காத்துக்கு நிக்காது, தொப்பி வச்ச ரெயின்கோட் தான் சரி.