கரண்டைக் குடிக்கும் பல்பு

எங்கள் கல்லூரியில் செமஸ்டர் தொடங்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் 'கோர்ஸ் அவுட்கம்' எழுதித் தரவேண்டும்; அதாவது, படித்து முடித்ததும் மாணவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்ற பட்டியல். ஐந்து வரி. போன வருஷத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவந்தவன்தான் நானும். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் (NAAC) குழு வரும்போது கோப்பு இருந்தால் சரி என்றிருந்தேன்.

பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு, மின்னியல் தாள். சுற்றில் கரண்ட் எப்படிப் பிரிகிறது என்று கண்டுபிடிக்கும் கிர்காஃப் விதிக் கணக்கைப் பெரும்பாலும் எல்லோரும் போட்டுவிடுவார்கள். ஒருநாள் சும்மா கேட்டேன்: ஒரே மாதிரி இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? பாதி வகுப்பு 'முதல் பல்பு சார்' என்றது. அது கரண்டைக் கொஞ்சம் குடித்துவிடுமாம், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகுமாம். அப்படிச் சொன்னதில் முழு மார்க் வாங்குகிறவர்களும் உண்டு.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூருக்கும் இதே அதிர்ச்சி ஏற்பட்டது. 1990-களில் அவர் பரப்பிய முறை எளிது. கேள்வியைப் போட்டு, தனித்தனியாக விடை சொல்லவைப்பார். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மறுபடி கேட்பார்.

நான் அவுட்கம் தாளில் கைவைத்தேன். 'தொடரிணைப்பைப் புரிந்துகொள்வர்' என்ற வரியை அடித்தேன். புரிந்ததா என்று எதை வைத்துச் சோதிப்பது? 'சுற்றில் ஒரு பல்பை நீக்கி ஒயரை இணைத்தால் மற்றவை என்னாகும் என்று கணக்குப் போடாமல் சொல்லி, காரணம் காட்டுவர்' என்று எழுதினேன். தேர்வுக் கேள்வியை அதற்கேற்ப முதலில் எழுதி, வகுப்பைப் பிறகு திட்டமிட்டேன். ஒரு வரிக்கு ஒரு சாயங்காலம் போனது.

வகுப்பை மஸூர் முறையில் நடத்த, வாக்கெடுப்புக்கு விடைக்கு ஒரு நிறமாக நாலு நிறத்தில் சார்ட் அட்டை வெட்டினேன். முதல் இரண்டு வாரம் சொதப்பல். முதல் பெஞ்சு மாணவன் எந்த அட்டையைத் தூக்குகிறானோ அதையே எல்லோரும் தூக்கினார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொன்னேன். விவாதம் ஆங்கிலத்தில்தான் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வாயே திறக்கவில்லை. 'தமிழிலேயே சண்டை போடுங்க' என்றதும் எழுந்த சத்தத்தில் துறைத்தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றுதான் கடைசி பெஞ்சுப் பெண் சொன்னாள்: "எங்கப்பா கோயில் கொடைக்கு சீரியல் செட் கட்டுறவர் சார். முதல் பல்பும் கடைசி பல்பும் ஒண்ணாத்தான் எரியும். நாலு பல்பைக் குறைச்சா மிச்சம் பளிச்சுனு எரிஞ்சு ஃப்யூஸ் போயிடும்." இரண்டாம் வாக்கெடுப்பில் ஏறக்குறைய எல்லாமே சரியான அட்டை.

ஆனால் கடைசி யூனிட்டில் பாதியை 'வீட்டில் படியுங்கள்' என்று விடவேண்டியதாயிற்று. அதிலிருந்தே பத்து மார்க் கேள்வி வந்தது. பெயர் போடாமல் கருத்துக் கேட்ட சீட்டுகளில், 'நீங்களே நடத்துங்க சார், நோட்ஸ் போதும்' என்று எட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். எதற்காக இப்படி நடத்துகிறேன் என்று அவர்களிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லையே. இந்த வருஷம் பாடத்திட்டத்தைக் கொடுப்பதற்கு முன்பே, முதல் நாளே பல்புக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.