அண்ணன் நியமிக்க, தம்பி ஓட்டுப் போட

தாய்லாந்தில் குடும்ப அரசியல் என்றாலே எல்லோரும் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ராவைத்தான் இழுப்பார்கள். இழுக்கட்டும், காரணம் இருக்கிறது. 2006இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது, 2008இல் அவருடைய தங்கை கணவர் சோம்சாய் பிரதமர், 2011இல் இன்னொரு தங்கை யிங்லக் பிரதமர். ஆனால் "குடும்ப ஆட்சியை ஒழிக்கிறோம்" என்ற பேச்சோடு வந்த ஜெனரல்கள் செய்ததைப் பார்த்தால், தக்சின் வீட்டுக்காரர்கள் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும் என்ற சிரமத்தையாவது பட்டார்கள் என்று சொல்லத் தோன்றும்.

யிங்லக் பதவி இழந்ததே ஒரு நியமன விவகாரத்தில்தான். 2011இல் ஆட்சிக்கு வந்ததும் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் செயலாளர் தவில் பிலியன்ஸ்ரியைத் தூக்கி வேறு இடத்தில் உட்கார வைத்தார். அந்த நாற்காலிக்குப் போலீஸ் தலைவரை நகர்த்தினார். போலீஸ் தலைவர் நாற்காலி காலியானதும் அங்கே வந்தவர் பிரியூபன் தமாபோங், தக்சினுடைய முன்னாள் மனைவியின் அண்ணன். குடும்ப லாபத்துக்காக அதிகாரத்தைப் பயன்படுத்தினார் என்று சொல்லி அரசியல் சாசன நீதிமன்றம் 2014 மே 7 அன்று அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. சரி, ஒரு நாட்டில் இவ்வளவு கறார் இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கலாம். அடுத்த பதினைந்தாம் நாள், மே 22, ராணுவத் தளபதி பிரயுத் சான்-ஓ-சா ஆட்சியைப் பிடித்தார்.

பிடித்ததும் ஒரு சட்டமன்றம் வேண்டுமே. 200 பேரை நியமித்தார்கள், பாதிக்கு மேல் ராணுவ அதிகாரிகள், பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும். அதில் ஒருவர் பிரீச்சா சான்-ஓ-சா, பிரயுத்தின் கூடப்பிறந்த தம்பி, அவரும் ஜெனரல். ஆகஸ்டில் இந்த அவை பிரதமரைத் தேர்ந்தெடுத்தது. போட்டியிட்டவர் ஒருவர், ஆதரவு 191, எதிர்ப்பு பூஜ்யம். யார் ஜெயித்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2015இல் இன்னொன்று வெளியே வந்தது. அவை உறுப்பினர் ஒவ்வொருவரும் உதவியாளர், ஆலோசகர் என்று சிலரை அரசுச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். பல உறுப்பினர்கள் அந்த இடங்களில் மனைவியையும் பிள்ளைகளையும் போட்டிருந்தார்கள். பெரிய தொகை இல்லை, மாதம் 15,000 பாட் (தாய்லாந்து நாணயம்), 24,000 பாட் என்கிற அளவுதான். இந்தச் சில்லறைத்தனம்தான் எனக்கு வியப்பு! நாடே கையில் இருக்கிறது, அப்புறமும் வீட்டம்மாவுக்கு ஒரு உதவியாளர் சம்பளம். சட்டத்தில் தடை எதுவும் இல்லை என்று முதலில் சமாளித்தார்கள், சத்தம் அதிகமானதும் சொந்தக்காரர்களை விலக்கச் சொன்னார்கள்.

பிரீச்சா இதற்கெல்லாம் மேலே. 2015 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளர் ஆனார். 2016இல் அவருடைய ஒரு மகனை மூன்றாம் படைப் பிரிவில் அதிகாரியாக நியமித்த ஆவணம் கசிந்தது. கையெழுத்துப் போட்டது அப்பாவே. கேட்டபோது அவர் மறுக்கவில்லை, மற்றவர்களும் இப்படித்தானே செய்கிறார்கள் என்ற தோரணையில் பதில் சொன்னார். ஒருவிதத்தில் நேர்மையான பதில். அதே வருஷம் இன்னொரு மகனின் கட்டுமானக் கம்பெனிக்கு அதே மூன்றாம் படைப் பிரிவின் ஒப்பந்தங்கள் கிடைத்த செய்தியும் வந்தது. கம்பெனியின் பதிவு முகவரி ராணுவக் குடியிருப்புக்குள்ளேயே இருந்ததாம். அந்தப் பிரிவுக்குப் பிரீச்சா முன்பு தளபதியாக இருந்தவர்.

அவைக்கு அவர் போனாரா என்றால், அதுவும் ஒரு கதை. 2017இல் வாக்கெடுப்புகளுக்கு வராத உறுப்பினர்கள் என்று ஏழு பேர் பெயர் வெளிவந்தது, அதில் இவரும் உண்டு. மாதம் 1 லட்சம் பாட்டுக்கு மேல் சம்பளம் வாங்குகிற வேலை. முறைப்படி லீவு லெட்டர் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே விதிமீறல் இல்லை என்று அவையே முடித்து வைத்தது.

இதையெல்லாம் விட எனக்குச் சுவாரசியமாகப் படுவது 2019 செனட், அதாவது நாடாளுமன்ற மேலவை விவகாரம். 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட செனட்டில் எம்.பி.க்களின் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் அதைப் "புருஷன் பெண்டாட்டி சபை" என்று கிண்டல் செய்தார்கள். அதனால் ராணுவப் புரட்சிக்குப் பிறகு எழுதப்பட்ட 2007 அரசியல் சாசனம், எம்.பி., அமைச்சர் போன்றவர்களின் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் செனட்டர் ஆகக் கூடாது என்று தடை போட்டது. அண்ணன் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த புரட்சிக்குப் பிறகு எழுதிய 2017 சாசனத்திலும் இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா, தெரியாமல் விட்டார்களா, எப்படியோ அந்தச் சந்து வழியாக நல்ல கூட்டம் உள்ளே போனது.

250 செனட்டர்களில், பதவி வழியாகவே வந்த ஆறு பேரைத் தவிர மற்றவர்களைத் தேர்ந்தெடுத்தது ராணுவக் குழு. தேர்வுக் குழுவுக்குத் தலைவர் துணைப் பிரதமர் பிரவித் வோங்சுவான். பட்டியலில் பிரவித்தின் தம்பி அட்மிரல் இருந்தார், இன்னொரு துணைப் பிரதமர் சோம்கிட்டின் அண்ணன் இருந்தார், பிரயுத்தின் தம்பி பிரீச்சா வழக்கம்போல இருந்தார். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்த சிலரே செனட்டர்கள் ஆனார்கள், அதில் ஒருவரான போர்ன்பெட் செனட் தலைவரே ஆகிவிட்டார். 2019 ஜூன் 5 அன்று பிரதமர் தேர்வு, அதில் எம்.பி.க்களோடு செனட்டர்களுக்கும் ஓட்டு உண்டு. நடுநிலை காக்க வேண்டிய தலைவரைத் தவிர 249 செனட்டர்களும் பிரயுத்துக்கே போட்டார்கள், ஒருவர்கூட மாறவில்லை. பிரயுத்துக்கு 500, எதிர் வேட்பாளருக்கு 244. தம்பி ஓட்டும் அதில் சேர்த்தி.

சிலர் இதைத் தாய்லாந்துக் கலாச்சாரம், அங்கே பெரியவர்கள் சின்னவர்களைத் தூக்கிவிடுவது வழக்கம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழக்கமாக ஏற்றுக்கொண்டிருந்தால் மக்கள் எதற்குக் கிண்டல் பெயர் வைக்கிறார்கள், ஆவணங்கள் எதற்குக் கசிகின்றன? தக்சின் குடும்பம் உத்தமர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் யிங்லக்கை நீக்க ஒரு நீதிமன்றம் இருந்தது, அடுத்த தேர்தல் என்று ஒன்று இருந்தது. 2014க்குப் பிறகு ஐந்து வருஷம் பிரீச்சாவைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? விசாரிக்கிற அவையே அண்ணன் நியமித்ததுதான்.

அப்புறம் 2023. தேர்தலில் முதலிடம் வந்த மூவ் ஃபார்வர்ட் கட்சியின் தலைவர் பீட்டா பிரதமர் ஆவதை இதே செனட் தடுத்தது. தக்சினின் கட்சி ராணுவத்தார் கட்சிகளோடு கூட்டணி போட்டு ஆட்சி அமைத்தது. அந்த அமைச்சரவையில் துணைப் பிரதமராக வந்தவர்களில் ஒருவர் பச்சரவத் வோங்சுவான், பிரவித்தின் இன்னொரு தம்பி. மறு வருஷம் தக்சினின் மகள் பேதொங்டார்ன் பிரதமர் ஆனார்.