திருடுபோன இன்ஜின் கிடைத்துவிட்டது, ஆனால் கோர்ட்டில் இருக்கிறது

நாட்டுப்படகு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரையில் கிடந்த வள்ளத்திலிருந்து அவுட்போர்டு இன்ஜினை (படகின் பின்னால் வெளியே மாட்டுவது) கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புகார், எஃப்ஐஆர், ஆள் பிடிபட்டது எல்லாம் மளமளவென்று முடிந்தது. மீட்ட இன்ஜினைக் கையில் வாங்கத்தான் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. அதுவும் விசைப்படகுத் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற நேரம்.

வழக்கு விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய பொருளைப் படமெடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) இதற்கான பிரிவு 497 (பழைய சட்டத்தில் 451). பொருள் கோர்ட்டுக்கு வராமல் ஸ்டேஷனிலேயே இருந்தால் 503 (பழைய 457). பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல், அதன்பின் 30 நாளுக்குள் உத்தரவு என்று 497 கெடு வைக்கிறது. பொருளைத் திருப்பிக் கேட்டுப் போடும் மனுவில் இதைக் குறிப்பிடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

முதல் நடை வீணாய்ப் போனது கோர்ட்டு மாறியதால். புகார் கொடுத்தது ஒரு ஸ்டேஷன், இன்ஜினோடு ஆளைப் பிடித்தது இன்னொரு ஸ்டேஷன். பிடித்தவர்கள் தங்கள் ஸ்டேஷன் குற்ற எண்ணில் (எஃப்ஐஆர் எண்) மகஜர், அதாவது கைப்பற்றிய விவரக் குறிப்பு போட்டு, தங்கள் எல்லை நடுவர் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொண்டியில் காணாமல்போனது மண்டபத்தில் இப்படிப் பிடிபட்டால், தொண்டிக்கான திருவாடானை கோர்ட்டில் மனுப் போட்டுப் பயனில்லை. எந்தக் குற்ற எண்ணில் கைப்பற்றினார்கள், கோர்ட்டில் சொத்துப் பதிவேட்டு எண் என்ன, இந்த இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு வக்கீலிடம் போங்கள்.

அடுத்தது இன்ஜின் நம்பர். ஆளையே அலைக்கழித்தது இதுதான். புகாரில் 'அவுட்போர்டு இன்ஜின் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது, நம்பர் இல்லை. மகஜரில் நம்பர் இருந்தது, ஆனால் ஓர் இலக்கம் தப்பு. உப்புக்காற்றில் அரித்துப்போன தகட்டில் 1-ஐ 7 என்று படித்திருக்கிறார்கள். "பில்லுல ஒரு நம்பர், மகஜர்ல ஒரு நம்பர். ஒத்துப்போகலையே" என்று கோர்ட்டு எழுத்தர் மனுவைத் திருப்பிவிட்டார். என்ன செய்தால் சரியாகும் என்று அவர் சொல்லவில்லை, கேட்டும் பதில் இல்லை.

சரிசெய்ய வழி இருந்தது. படகோடு மாட்டும் பிராக்கெட்டில் ஒட்டிய தகட்டைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பல மாடல்களில் மேல்மூடியைத் திறந்தால் இன்ஜின் உடம்பிலேயே ஒரு சின்ன வட்டத் தகட்டில் அதே நம்பர் குத்தியிருக்கும். மூடி காப்பதால் அது அவ்வளவாக அரிக்காது. எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் இலக்கம் பளிச்சென்று தெரிந்தது. அதை வைத்து விசாரணை அதிகாரி, நம்பர் தவறாகக் குறிக்கப்பட்டது என்று கோர்ட்டுக்குத் திருத்த அறிக்கை கொடுத்தார். உரிமையாளரிடம் கூடுதல் வாக்குமூலமும் வாங்கினார்கள். அத்தோடு ஆட்சேபணை போயிற்று.

பில் தொலைந்தவர்கள் மனம் விட வேண்டாம். மானியத்தில் வாங்கிய இன்ஜின் என்றால் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகக் கோப்பில் நம்பர் இருக்கும். கடிதம் கேட்டு வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் விற்றவரின் பிரமாணப் பத்திரம் இல்லாமல் போகவே வேண்டாம்.

உத்தரவு வந்த அன்றே இன்ஜின் வந்துவிடாது. நாம் எழுதிக்கொடுக்கும் பத்திரம், கோர்ட்டு கேட்டால் இரண்டு ஜாமீன்தாரர்கள், நம்பர் தெரியும் படங்கள், விற்கமாட்டேன் உருமாற்றமாட்டேன் என்ற உறுதிமொழி எல்லாம் கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரர்கள் ஆதாரோடு நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீதும் கொண்டுவரட்டும். பழைய ரசீதோடு வந்து ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

வாங்கியதும் உடனே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் கிடந்த இன்ஜினில் உப்பு இறுகியிருக்கும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பழுது பார்க்கும்போது நம்பர் உள்ள பாகங்களை மட்டும் மாற்றக் கூடாது, வழக்கு முடியும்வரை கோர்ட்டு அதைக் கேட்கலாம்.

வாசிக்கிறவர்கள் இன்றைக்கே மேல்மூடியைத் திறந்து அந்த நம்பரைப் படமெடுத்து, வீட்டில் இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள்.